தூண்டியவர் யார்? திண்டுக்கல் சமவெளியில் ஒரு குற்றத்தின் வரலாறு

ஆயுதம் எடுத்தவனையும் அவனை ஆயுதம் எடுக்கச் சொன்னவனையும் எல்லா அரசுகளும் வேறுவேறாகவே பார்த்து வந்திருக்கின்றன. எடுத்தவனை மன்னித்து வீட்டுக்கு அனுப்பிய அரசுகள் உண்டு. சொன்னவனை அப்படி விட்ட அரசுகள் மிகக் குறைவு. ஊர்ப்பேச்சில் தூண்டிவிடுவது, உசுப்பிவிடுவது, ஏற்றிவிடுவது என்று பலவாறாகச் சொல்லப்படும் இச்செயல், ஒருவரின் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் கோபத்தையோ குறையையோ கிளப்பி, அவர் தாமாகச் செய்யத் துணியாத ஒன்றைச் செய்ய வைப்பதாகும். இதைக் குற்றம் என்று அரசு அறிவிக்கும்போது கூடவே வேறொரு கூற்றையும் சேர்த்தே அறிவிக்கிறது: மக்களுக்குக் குறை ஏதும் இல்லை, யாரோ ஒருவர் கெடுத்துவிட்டார் என்பதே அக்கூற்று. திண்டுக்கல் நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் 1790 முதல் 1908 வரை வைத்துப் பார்த்தால், இக்குற்றம் தூக்குக் கயிற்றில் தொடங்கிச் சட்டப் பிரிவாக மாறிய வரலாறு ஏறத்தாழ முழுமையாகவே கிடைக்கிறது.

கிழக்கில் சிறுமலையும் மேற்கில் பழனி மலைத்தொடரும் காவல் நிற்க, நடுவே குடகனாறு வடக்கு நோக்கி ஓடி அமராவதியில் கலக்கும் இந்நிலம், மதுரையிலிருந்து கொங்கு நாட்டுக்கும் அங்கிருந்து மைசூருக்கும் செல்லும் வழியில் அமைந்திருப்பதால், எந்தக் காலத்திலும் படைகளின் கண்ணில் படாமல் இருந்ததில்லை. சமவெளியின் நடுவே தனித்து நிற்கும் பாறையின்மேல் 1605 அளவில் மதுரை நாயக்கர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மைசூர் அரசின் கைக்குச் சென்றது. பின்னாளில் மைசூரையே ஆண்ட ஹைதர் அலி 1755-இல் இங்கேதான் பவுஜ்தார், அதாவது படையும் வரியும் ஒருங்கே பார்க்கும் அதிகாரியாக இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி இக்கோட்டையைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்து, 1790-இல் கைப்பற்றி, 1792-இல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் நிலைபெற்றது. அப்போது கம்பெனியின் கைக்கு வந்தவை ஒரு கோட்டையும் சில கிராமங்களும் மட்டுமல்ல. விருப்பாச்சி, கன்னிவாடி, ஆயக்குடி, இடையக்கோட்டை, அம்மையநாயக்கனூர், போடிநாயக்கனூர் முதலிய இருபத்தாறு பாளையங்களும் உடன் வந்தன.

பாளையம் என்பது ஒரு குறுநிலம். அதன் தலைவர் பாளையக்காரர். வரியைத் தண்டி, ஒரு பங்கை மேலரசுக்குச் செலுத்தி, ஒரு பங்கில் படை வைத்து, எஞ்சியதில் தம் குடும்பத்தையும் கோயில் குளங்களையும் பராமரிப்பவர் என்பது மரபான கணக்கு. ஆனால் பாளையக்காரரின் உண்மையான செல்வாக்கு காவலில்தான் இருந்தது. தேசகாவல் என்பது ஒரு பகுதி முழுவதற்கும் வழிப்போக்கர்களுக்கும் பாதுகாப்பளிக்கும் உரிமை. ஸ்தல காவல் என்பது தனித்தனி ஊர்களின் களத்தையும் மாட்டையும் பயிரையும் காக்கும் உரிமை. இரண்டுக்கும் குடிகள் நெல்லாகவும் பணமாகவும் கூலி கொடுத்தனர். கொடுக்க மறுத்த ஊரில் களவு போவதும் வழக்கமாக இருந்தது. எனவே பாளையக்காரரை அன்பே உருவான குடிகாவலராகக் காட்டும் மேடைப் பேச்சும், அவரை வெறும் கொள்ளைத் தலைவராகக் காட்டிய கம்பெனிக் கடிதமும் ஒரே அளவுக்குத் தவறானவை. மக்லியட், வின்ச், ஹர்டிஸ் என அடுத்தடுத்து வந்த கலெக்டர்கள், இந்தப் பின்னலுக்குள் கை வைத்து நிலத்தை அளந்தார்கள், கப்பத்தை உயர்த்தினார்கள், காவல் உரிமையைக் கம்பெனியின் கைக்கு மாற்ற முனைந்தார்கள். இதனால் பாளையக்காரர் தம் அதிகாரத்தையும், அவரிடம் வேல் பிடித்த காவல்காரன் தன் பிழைப்பையும் இழந்தனர். உயர்த்தப்பட்ட தொகை கடைசியில் உழுதவன் தலையில்தான் விழுந்தது.

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் அமைந்திருக்கிறது விருப்பாச்சி. இன்று தன் மலை வாழைப்பழத்தால் பெயர் பெற்றிருக்கும் இவ்வூர், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனி எதிர்ப்பின் தலைமையிடமாக இருந்தது. அதன் பாளையக்காரர் கோபால நாயக்கர், 1772-இல் காளையார்கோயில் போரில் கணவர் முத்துவடுகநாதரை இழந்து வெளியேறிய சிவகங்கை அரசி வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்தவர். நாச்சியாரோடு வந்த மருது சகோதரர்களுக்கும் விருப்பாச்சிக்கும் இடையிலான நெருக்கம் அக்காலத்தில் உருவானதே. 1780-இல் நாச்சியார் சிவகங்கையை மீட்ட பிறகும் அந்த நெருக்கம் அறுந்துபோகவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின் எழுந்த பெருங்கிளர்ச்சிக்கான வித்து, அடைக்கலம் கொடுத்த அந்த வீட்டிலேயே ஊன்றப்பட்டிருந்தது எனலாம்.

1799-இல் இரண்டு மரணங்கள் நிகழ்ந்தன. மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். தனித்து நின்றால் இதுதான் முடிவு என்பதைப் பாளையக்காரர்கள் கண்ணால் கண்டார்கள். அதன் பிறகு கோபால நாயக்கர் செய்த வேலையை ஒரே சொல்லில் தூண்டுதல் என்று கம்பெனி எழுதியது. அதைக் கூட்டமைத்தல் என்று சொல்வதே பொருத்தம். மணப்பாறையின் லட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டியின் பூசை நாயக்கர், ஆனைமலைப் பக்கத்து எதுல நாயக்கர் முதலியோரை இணைத்து உருவான அமைப்பைத் திண்டுக்கல் கூட்டிணைவு என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். சிவகங்கையில் மருதுபாண்டியர், மலபாரில் கேரள வர்மா, மைசூருக்கு வடக்கே தூந்தாஜி வாக் என்று இக்கூட்டிணைவின் கைகள் நீண்டன. இதனைத் தீபகற்பம் தழுவிய ஒரே கிளர்ச்சியாக ஆவணங்களிலிருந்து தொகுத்து, 1971-இல் நூலாக வெளியிட்டவர் மதுரையைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன்.

தந்தி இல்லாத காலத்தில் நானூறு கல் தொலைவுக்கு ஒரு எண்ணத்தைக் கடத்துவது எப்படி என்ற கேள்வி இங்கே எழுகிறது. ஓலையும் தூதரும் இதற்கு முதன்மையான கருவிகள். ஆனால் அவற்றைவிட முக்கியமானது விருப்பாச்சி அமைந்திருந்த இடம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்குக் காவடியோடு நடக்கும் கூட்டம் இவ்வூரைக் கடந்தே போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் காவி கட்டிய ஒருவரின் மடியில் இருப்பது விபூதிப் பொட்டலமா ஓலைச் சுருளா என்று சோதிப்பது, கோட்டையைப் பிடிப்பதைக் காட்டிலும் கம்பெனிக்குக் கடினமாக இருந்திருக்கும். சந்தை, திருவிழா, யாத்திரை ஆகிய மூன்றும் அரசின் அனுமதி கேளாமல் மக்கள் கூடும் இடங்களாக இருந்ததால், பிற்காலக் காவல்துறையும் இம்மூன்றையே ஐயத்தோடு பார்த்தது தற்செயலன்று.

1800 ஏப்ரலில் விருப்பாச்சியில் கூடிப் பேசியவர்கள் வகுத்த திட்டத்தின் மையம், கோயம்புத்தூரில் இருந்த கம்பெனியின் படைமுகாம். தேதியைத் தேர்ந்தெடுத்த விதத்தில் அவர்களின் அரசியல் தெரிகிறது. அந்த ஆண்டு ஜூன் 3 மொகரம் பண்டிகையின் பத்தாம் நாள். முகாமில் இருந்த முஸ்லிம் சிப்பாய்கள் அன்று உள்ளிருந்து எழ வேண்டும், வெளியிலிருந்து பாளையக்காரர்களின் ஆட்கள் தாக்க வேண்டும், வடக்கிலிருந்து தூந்தாஜி வாக்கின் குதிரைப்படை வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு. நாயக்கர் மரபில் வந்த ஒரு பாளையக்காரர், மொகரம் நாளை நம்பித் தம் உயிரைப் பணயம் வைத்தார் என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். திட்டம் முன்கூட்டியே கசிந்தது. பிடிபட்டவர்களில் நாற்பத்திரண்டு பேர் தூக்கிலிடப்பட்டனர். செப்டம்பர் 10-இல் கோனகல் என்ற இடத்தில் ஆர்தர் வெல்லெஸ்லியின் படையிடம் தூந்தாஜி வாக் உயிரிழந்தார். பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு இந்த வெல்லெஸ்லியே.

கோயம்புத்தூர்த் திட்டத்தைக் கம்பெனி அத்தனை கடுமையாகப் பார்த்ததற்கு இன்னொரு காரணம் லண்டனில் இருந்தது. 1797-இல் இங்கிலாந்தின் கடற்படை மாலுமிகள், உணவும் ஊதியமும் போதவில்லை என்று கப்பல்களைத் தம் கைக்குள் கொண்டுவந்து கலகம் செய்தபோது, பாராளுமன்றம் அவசர அவசரமாக ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. படைவீரரையோ மாலுமியையோ கடமையிலிருந்து தவறத் தூண்டுவது மரண தண்டனைக்குரிய குற்றம் என்றது அச்சட்டம். மாலுமிகளின் ஊதியம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக ஏறவில்லை என்பது ஊரறிந்த செய்தி. இருந்தும் வெளியிலிருந்து யாரோ ஏற்றிவிட்டார்கள் என்றே அமைச்சர்கள் நம்ப விரும்பினர். அந்த மனநிலையோடு வளர்ந்த அதிகாரிகளே அடுத்த சில ஆண்டுகளில் தென்னிந்தியக் கோட்டைகளில் உட்கார்ந்திருந்தார்கள். 1806 ஜூலையில் வேலூரில் சிப்பாய்கள் எழுந்தபோதும் இதே வாதம் திரும்ப நடந்தது. கோட்டையில் இருந்த திப்புவின் மக்கள் தூண்டினார்கள் என்று ஒரு தரப்பும், புதிய தலைப்பாகையையும் தாடி மீசைக் கட்டுப்பாட்டையும் திணித்த உத்தரவே காரணம் என்று மறு தரப்பும் எழுதிக் குவித்தன. இறுதியில் ஆளுநர் பென்டிங்கும் படைத்தலைவர் கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். உத்தரவுக்கும் பொறுப்பு உண்டு என்று மேலிடம் ஒப்புக்கொண்ட அரிய தருணங்களுள் அது ஒன்று.

திண்டுக்கல் பக்கம் அப்படி யாரும் திருப்பி அழைக்கப்படவில்லை. 1801-இன் முற்பகுதியில் கர்னல் இன்னஸ் தலைமையில் வந்த படை விருப்பாச்சியைக் கைப்பற்றியது. மலைக்குள் ஒதுங்கிய கோபால நாயக்கர் மே மாதம் பிடிபட்டு, அதே ஆண்டில் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். அந்த இடத்தில் உள்ள குளத்துக்கு அவர் பெயராலேயே கோபாலசமுத்திரம் என்று பெயர் வந்ததாக ஊரார் சொல்கின்றனர். முறையான நீதிமன்றம், குற்றப்பத்திரிகை, வழக்கறிஞர் என்று எதுவும் அப்போது இல்லை. சென்னை மாகாணத்தில் ஜில்லா நீதிமன்றங்களை நிறுவும் ஒழுங்குமுறைகளே 1802-இல்தான் வந்தன. தூண்டுதல் என்ற குற்றத்துக்கு அன்று சட்டத்தில் இலக்கணமும் இல்லை, எல்லையும் இல்லை. தளபதியின் கையெழுத்தும் ஒரு கயிறும் போதுமானவையாக இருந்தன.

கோபால நாயக்கர் சிறைப்பட்ட பிறகு சின்ன மருது வெளியிட்ட அறிக்கைதான் தென்னிந்தியாவில் வெளிப்படையாக எழுதி ஒட்டப்பட்ட முதல் பெரும் அரசியல் அழைப்பு. 1801 ஜூன் 16 நாளிட்ட அது, திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. நாவலந்தீவில் வாழும் எல்லா வருணத்தாரையும் முஸ்லிம்களையும் விளித்து, நவாப் முகமது அலி அந்நியருக்கு இடங்கொடுத்த பேதைமையால் நாடு அடிமைப்பட்டது என்று சொல்லி, கம்பெனிப் படையில் ஊதியம் வாங்கும் சுபேதார்களையும் சிப்பாய்களையும் எழும்படி அது அழைத்தது. அறிக்கையின் முடிவில் ஓர் ஏற்பாடு உண்டு: இதைப் படித்தவர் பிறருக்குப் பரப்ப வேண்டும், கிழித்தவர் பெரும்பாவங்களைச் செய்தவராவார். அச்சுப்பொறி எட்டாத ஊர்களில் ஓர் எழுத்தைப் பல மடங்காகப் பெருக்குவதற்குச் சாபத்தைப் பயன்படுத்திய இந்த உத்தி, இன்று கைப்பேசியில் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும் என்று வரும் செய்திகளுக்கு மூத்த முன்னோடி.

தூண்டும் கலையில் கம்பெனியும் சளைத்ததன்று. சிவகங்கை அரச வழியில் உரிமை கொண்டாடிய படமாத்தூர் கௌரி வல்லபரைத் தேடிப் பிடித்து, அவரையே உண்மையான வாரிசு என்று 1801 செப்டம்பரில் அறிவித்து, மருதுபாண்டியரின் ஆட்களை இரண்டாகப் பிரித்தது. அரச குலத்தவர் இருக்க நீங்கள் யாருக்காகச் சாகிறீர்கள் என்ற கேள்வி, பீரங்கியைவிட நன்றாக வேலை செய்தது. அரசு செய்தால் அதற்கு ராஜதந்திரம் என்று பெயர். காளையார்கோயில் வீழ்ந்த பிறகு திண்டுக்கல் மலைப்பகுதிக்கு வந்த கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, 1801 அக்டோபரில் வத்தலக்குண்டுப் பகுதியில் பிடிபட்டார். அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலும், நவம்பர் 16-இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர். எழுபதுக்கு மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1801 டிசம்பர் 1-இல் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. தலைவர்கள் குற்றவாளிகள், குடிகள் ஏமாற்றப்பட்டவர்கள் என்ற பிரிப்பு அரசின் நிலையான மொழியாக வேரூன்றியது இக்காலத்தில்தான். கப்ப உயர்வும் காவல் பறிப்பும் அம்மொழியில் காரணங்களாக இடம்பெறவில்லை.

அடுத்த ஏறத்தாழ நூறு ஆண்டுகளைச் சுருங்கச் சொல்லிவிடலாம். ஜமீன்களாக மாற்றப்பட்ட பாளையங்களில் பல, உயர்ந்த கிஸ்தியைக் கட்ட முடியாமல் நிலுவையில் விழுந்தன. விசாரணையின்றி ஒருவரை அடைத்து வைக்க 1819-இல் சென்னை மாகாணத்துக்கு ஓர் ஒழுங்குமுறை வந்தது. மெக்காலே 1837-இல் தயாரித்த தண்டனைச் சட்ட வரைவில் இருந்த ராஜத்துரோகப் பிரிவு, 1860-இல் சட்டம் நிறைவேறியபோது விடுபட்டுப்போய், 1870-இல் 124-அ என்ற எண்ணோடு திரும்ப நுழைந்தது. அரசின்மீது மக்கள் மனத்தில் வெறுப்பை எழுப்புவதோ எழுப்ப முயல்வதோ குற்றம் என்பது அதன் சாரம். 1897-இல் திலகர் வழக்கை விசாரித்த நீதிபதி ஸ்டிராச்சி, வெறுப்பு உண்மையில் எழுந்ததா, கலகம் நடந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை, முயற்சியே போதும் என்று ஜூரிகளுக்கு விளக்கினார். மறு ஆண்டே, வகுப்புகளுக்கிடையே பகை மூட்டுவதைக் குற்றமாக்கும் 153-அ பிரிவும் சேர்ந்தது.

அந்தப் பிரிவு வருவதற்கு இரண்டாண்டு முன், 1896-இல், திண்டுக்கல் வட்டத்தில் காவல் கூலிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியும் இவ்வரலாற்றில் சேர வேண்டியதே. பாளையக்காரர் கையிலிருந்து பறிக்கப்பட்ட ஊர்க்காவல் கம்பெனியின் ஆட்களிடம் முழுதாகச் சென்று சேராமல், பல ஊர்களில் கள்ளர் சமூகத்தாரிடம் தொடர்ந்து வந்தது. இனி அவர்களுக்குக் காவல் கூலி தருவதில்லை என்று உழவர்கள் ஊர் ஊராகக் கூடி முடிவெடுத்து, களவு போன மாட்டுக்கு ஈடு கொடுக்கப் பொது நிதி திரட்டினர். அந்த நிதியின் பெயராலேயே அக்கிளர்ச்சி பண்டு என்று அழைக்கப்பட்டது. இதைப் பற்றி 1906-இல் மதுரை மாவட்டக் கையேட்டை எழுதிய பிரான்சிஸ் குறிப்பிடுகிறார். தொடக்கத்தில் கூட்டுறவுச் சங்கம்போல நடந்த இது, பழனி, பெரியகுளம், மதுரைப் பக்கங்களுக்குப் பரவியபோது தீவைப்பிலும் ஊர்விட்டுத் துரத்துவதிலும் போய் முடிந்தது. காவல் முறையை நூறாண்டுகளாக அரைகுறையாக உடைத்து வைத்த அரசு, இங்கேயும் தன் பங்கைப் பார்க்கவில்லை. பின்னர், 1914 முதல், குற்றப் பழங்குடிச் சட்டத்தை ஒரு சமூகம் முழுவதன்மேலும் சுமத்தி, பிறப்பையே குற்றமாக்கும் வழியைத் தேர்ந்தது. தூண்டுதல் மேலிருப்பவரை நோக்கியே பாயும் என்பதற்கு உறுதியில்லை, பக்கத்து ஊரின்மேலும் அது பாயும் என்பதற்குத் திண்டுக்கல் வட்டமே சான்று.

ஊமைத்துரை பிடிபட்ட வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4-இல் சுப்பிரமணிய சிவா பிறந்தார். தமிழின் தொடக்ககால நாவலாசிரியர்களுள் ஒருவரான பி.ஆர். ராஜமய்யரும், பின்னாளில் ‘எழுத்து’ இதழை நடத்திய சி.சு. செல்லப்பாவும் இதே ஊரோடு தொடர்புடையவர்கள் என்பதால், வத்தலக்குண்டு தமிழிலக்கிய வரலாற்றில் தன் அளவுக்கு மீறிய இடம் பெற்றிருக்கிறது. சிவாவின் களம் எழுத்தைவிட மேடையே. திருவிதாங்கூரில் இளைஞர்களைச் சேர்த்துப் பேசியதற்காக அங்கிருந்து வெளியேற்றப்பட்ட அவர், ஊர் ஊராக நடந்தும் பேசியும் 1908 தொடக்கத்தில் தூத்துக்குடியை அடைந்தார். சுதேசிக் கப்பல் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை அவருக்குத் தங்க இடமும் உணவும் அளித்தார். கடற்கரை மணலில் மாலைதோறும் கூட்டம் நடந்தது. பிப்ரவரி 27-இல் ஹார்வி குழுமத்தின் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, மார்ச் முதல் வாரத்தில் ஊதிய உயர்வோடு ஆலைக்குத் திரும்பினர். பேச்சுக்கும் கூலி உயர்வுக்கும் தொடர்பு உண்டு என்பதை முதலாளிகளும் கலெக்டரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டனர்.

அந்தக் கலெக்டரின் பெயரும் வின்ச். நூறாண்டுகளுக்கு முன் திண்டுக்கல் பாளையக்காரர்களிடம் கப்பம் கேட்ட வின்ச் வேறு, இவர் வேறு. எனினும் ஆவணங்களைப் புரட்டுபவர் ஒரு கணம் திகைக்காமல் இருக்க முடியாது. சிதம்பரனாருக்கும் இவருக்கும் இடையே நடந்த உரையாடலைக் கற்பனை செய்து பாரதியார் பாடல்களே எழுதினார். நன்னடத்தைப் பிணை கேட்டு, மார்ச் 12-இல் சிதம்பரனார், சிவா, அவர்களின் தோழர் பத்மநாப ஐயங்கார் மூவரும் சிறைப்படுத்தப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்து அரசு அலுவலகங்களுக்குத் தீ வைக்க, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். தலைவர்கள் சிறைக்குள் இருந்தபோதுதான் கலகம் நடந்தது. கலகத்துக்குக் காரணம் பேச்சா, பேசியவரைக் கைது செய்ததா என்ற கேள்வியை எந்தச் சட்டப் பிரிவும் கேட்கவில்லை.

கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7-இல் வழங்கிய தீர்ப்பு, தூண்டுதல் என்ற குற்றத்தின் தர்க்கத்தை அதன் கடைசி எல்லை வரை கொண்டுசென்றது. ராஜத்துரோகமாகப் பேசியதற்காகச் சிவாவுக்குப் பத்தாண்டு தீவாந்திர தண்டனை, அதாவது கடல் கடத்தி அடைக்கும் தண்டனை. சிதம்பரனாருக்கு அவர் பேச்சுக்காக ஆயுள். அக்காலக் கணக்கில் இருபதாண்டு. அத்துடன், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னோர் இருபதாண்டு. உடந்தை என்பது சட்டத்தில் மூவகைப்படும்: குற்றம் செய்யத் தூண்டுவது, சேர்ந்து சதி செய்வது, உதவுவது. சோறு போட்டதும் இடம் கொடுத்ததும் மேடையில் பக்கத்தில் அமர்ந்ததும் இதற்குள் அடங்கிவிட்டன. மக்களைத் தூண்டியவருக்குப் பத்தாண்டு, அவருக்குத் துணை நின்றவருக்கு அதே குற்றத்தின் பெயரால் இருபதாண்டு என்ற இந்தக் கணக்கு எந்த நீதி நூலிலும் அடங்காது. 1772-இல் வேலு நாச்சியாருக்கு விருப்பாச்சி கொடுத்த அடைக்கலமும் 1908-இன் தராசில் வைக்கப்பட்டிருந்தால் இதே நிறைதான் நின்றிருக்கும். சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் தண்டனைகளை ஆறாண்டு அளவுக்குக் குறைத்ததே, மேல்முறையீட்டுக் கட்டத்தில் ஆங்கிலேய நீதிபதிகளுக்கும் இது உறுத்தியது என்பதைக் காட்டுகிறது.

ஆனால் 1801-உடன் ஒப்பிட்டால் மாற்றம் ஏற்பட்டிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றப்பத்திரிகை இருந்தது, எதிர்வழக்காடும் வழக்கறிஞர் இருந்தார், மேல்முறையீடு இருந்தது, தீர்ப்பு அச்சிலும் வந்தது. கோபால நாயக்கர் என்ன சொல்லி ஆட்களைத் திரட்டினார் என்பதைக் கம்பெனியின் விசாரணைக் குறிப்புகளிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. சிவா என்ன பேசினார் என்பதையோ, காவல்துறை எடுத்த குறிப்பே வழக்குக் கட்டில் சேர்த்துக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. பேச்சை ஒடுக்க வந்த துறை, தமிழ் மேடைப் பேச்சின் முதல் ஆவணக் காப்பகமாகவும் ஆகிவிட்டது. திருச்சி, சேலம் சிறைகளில் இருந்து 1912-இல் வெளிவந்தபோது சிவாவின் உடலில் தொழுநோய் பற்றியிருந்தது. நோயைக் காரணங்காட்டி ரயிலில் ஏறத் தடை விதிக்கப்பட்ட பிறகு கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் ஊர்களைச் சுற்றினார்; ‘ஞானபாநு’ இதழை நடத்தினார்; 1921-இல் மீண்டும் ராஜத்துரோக வழக்கில் சிறை சென்றார். தருமபுரிக்கு அருகே பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23-இல் அவர் மறைந்தபோது வயது நாற்பத்தொன்றுகூட நிரம்பவில்லை.

விடுதலைக்குப் பிறகு 124-அ பிரிவு நீக்கப்படவில்லை. 1962-இல் கேதார்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சுருக்கி, வன்முறைக்குத் தூண்டும் பேச்சு மட்டுமே அதற்குள் வரும் என்றது. கலகம் விளைவிக்கும் எண்ணத்தோடு ஆத்திரமூட்டுவதற்கு அதே தண்டனைச் சட்டத்தின் 153-ஆம் பிரிவு, கலகம் நடந்தால் ஓராண்டு, நடக்காவிட்டால் ஆறு மாதம் என்று அளந்து தண்டனை வைத்திருந்தது. விளைவைப் பார்த்துக் குற்றத்தை எடைபோடும் அந்த எளிய நேர்மை 124-அ பிரிவில் என்றைக்கும் இருந்ததில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 124-அ பிரிவை நிறுத்தி வைத்தது. பழைய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்பிரிவு இல்லை. நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஊறு செய்யும் உணர்வுகளைத் தூண்டுவதையும் தூண்ட முயல்வதையும் குற்றமாக்கும் 152-ஆம் பிரிவு இருக்கிறது.

விருப்பாச்சியில் கோபால நாயக்கருக்குத் தமிழ்நாடு அரசு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது. பாப்பாரப்பட்டியில் சிவாவுக்கு நினைவிடம் இருக்கிறது. தூண்டிய குற்றத்துக்காக ஓர் அரசு தண்டித்தவர்களுக்கு அடுத்த அரசு மாலை போடுகிறது என்றால், தண்டித்தபோது அளக்கப்பட்டது அவர்களின் சொல் அன்று, அன்றைய அரசின் அச்சமே. பழைய 124-அ பிரிவில் உச்ச தண்டனை ஆயுள், அதற்கு மாற்றாக மூன்றாண்டு வரை சிறை. புதிய 152-ஆம் பிரிவிலும் உச்ச தண்டனை ஆயுள்தான், மாற்றாக உள்ள சிறைக்காலம் மட்டும் ஏழாண்டாக உயர்ந்திருக்கிறது.